மேளத்துக்கு முன்னால்

– கையை எடுப்பா. படி மேல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு.

– வெக்கலம்மா. சொம்மா ஓரத்துல எட்டிப் பாத்தேன். பொட்டி உள்ளாற எங்க கீதுன்னு தெரிய வோணாமா?

– சாவித்திரி, வேம்புலியை வேலை பாக்க விடு. நீ போய் சுண்டலைக் கவனி.

– சுண்டல் குக்கர்ல இருக்கு. நான் அந்தப் பக்கம் போனா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கொலுவைக் கலைச்சிடுவீங்க. நவராத்திரி நடுவுல படியைக் கலைக்கக் கூடாதுங்க. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, மறுநாள்தான் மத்ததை எடுக்கணும். வேம்புலி, உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் வந்து சுண்டல் வாங்கிட்டுப் போறவன்தானே நீ.

– தெரியும்மா. கேபிள் காலத்துலேர்ந்து இந்த ஊட்டுக்கு வந்துகினு கீறேன். இன்னிக்கு சார் பண்ணின பேஜார்தான் தாங்கல. நான் திருமழிசைல கம்பம் மேல நிக்கிறேன், பாக்கெட்ல போன் அடிச்சிகினே கீது. எடுத்தா, "உடனே வா, உடனே வா." இன்னா சார், நெட்டு வரலியா?

– நெட் வருது. அந்தப் பொட்டிதான் சரியில்லை.

– டிவில படம் வரலியா?

– வருது.

– போன்ல?

– போன்லயும் வருது.

– தோ, கைல வெச்சிகினு கீறியே, அந்த டேப்லெட்டுல?

– அதுலயும் வருது.

– அப்புறம் இன்னா சார் ரிப்பேர்?

– அதாவது, ஏதோ சரியில்லை வேம்புலி. நான் சொல்றதைக் கேளு. ஒரு தடவை முழுசாப் பாத்துடு.

– என்ன ரிப்பேர்னு எனக்கும் தெரியலப்பா. கொலு வெச்ச நாள்லேர்ந்து மனுஷன் இப்படித்தான் இருக்கார். தட்டுல போட்ட சோறு அப்படியே இருக்கு. டேப்பை மடியில வெச்சுக்கிட்டு, விரலால இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார். முந்தாநாள் டாக்டரைப் பாக்கப் போறேன்னு கிளம்பினவர் பொழுது சாய்ஞ்சுதான் வந்தார். எந்த டாக்டர், என்ன சொன்னார்னு கேட்டா டிவியைப் போட்டுக்கறார்.

– சாவித்திரி, நீ கொஞ்சம் சும்மா இரு.

– ரெண்டு வருஷமா சும்மாத்தானே இருக்கேன்.

– சரி வுடுங்கம்மா. சார், இது நம்ம வர்ஷா பாப்பா போட்டுக் குட்த்தது தானே? சாரோட பழைய படம், ஊட்டு கேசட்டு, அல்லாத்தையும் சின்னப் பொட்டில ஏத்தி, டிவி, போன், டேப்பு எதுல தொறந்தாலும் ஓடற மாதிரி. நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு அந்தப் பொண்ணு என் கைல ஒயரைக் குட்த்துட்டு, "அண்ணா, இங்க புடிங்க, அங்க புடிங்க"ன்னு என்னையே வேலை வாங்கிச்சு.

– பேரைச் சொல்லிட்டான். இப்ப என்ன பண்ணப் போறீங்க? அவனையும் வெளியே போகச் சொல்லப் போறீங்களா?

– வேம்புலி, வேலையைப் பாரு.

– தப்பாப் பேசிட்டேன் போல. மன்னிச்சுக்க சார். முதல்ல டிவில ஒண்ணு ஓட வெச்சுப் பாக்கலாம். முதல்ல கண்ல படறத அமுக்கறேன். தோ ஓடுது. இன்னாமா இது, பழைய கேசட்டா? புள்ளைய தூளில போட்டு யாரோ பாடறாங்க.

– நான்தான் பாடறேன்.

– நீயாமா? இம்மாம் நல்லா பாடுவியா? ஒரு தபா கூட சொல்லலியே.

– அது வர்ஷாவைத் தொட்டில்ல போட்டப்ப எடுத்தது. நிறுத்துப்பா.

– இரும்மா, சவுண்டு கிளீனா வருது. கட்டாவல, சுத்தல, ஒண்ணும் இல்ல.

– மேளம் வர்றதுக்குள்ள நிறுத்துங்கறேன்ல. பாட்டு முடியறதுக்குள்ள அந்த மேளக்காரர் ஆரம்பிச்சிடுவார். கண்ணு சொருகிக்கிட்டு வந்த பிள்ளை, தூக்கிவாரிப் போட்டு முழிச்சு, அன்னிக்கு வீறிட்டு அழுததை என்னால இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல. பொழுதன்னிக்கும் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன்.

– நிறுத்திட்டேம்மா. சரி சார், நல்லாத்தானே ஓடுது?

– இங்க நல்லாத்தான் ஓடுது. நீ பொட்டியோட உள்பக்கத்தைப் பாரு. யார் எப்ப என்ன பாத்தாங்கன்னு வரிசையா எழுதியிருக்கும் இல்லையா, அதைப் பாரு. அதுல ஏதாவது கோளாறா?

– டேப்பைக் குடு. உள்ளாற போயிட்டேன். ஆளு மூணு பேரு போட்டுகீது. "அப்பா", "அம்மா"... சார், இது இன்னா சார்? வெளிய இருந்து யாரோ உங்க பொட்டில படம் பாத்துகினு இருந்துகிறாங்க. இந்த ஊட்டு வைஃபை கெடையாது. வெளி லைனு. ராத்திரி, விடிகாலம்னு கண்ட நேரத்துல ஓட்டிகிறாங்க. கட் பண்ணிடவா? பாஸ்வேர்டை மாத்தினா முடிஞ்சிது மேட்டரு.

– தொடாதே.

– இல்ல சார், ஊட்டு கேசட்டு அல்லாம் இதுல கீது, எவனோ ஒருத்தன் வெளிய...

– தொடாதேன்னு சொல்றேன். டேப்பைக் கொடு இங்க.

– எதுக்கு அவன் மேல பாயறீங்க? வேம்புலி, யாரு பாக்கறாங்க? பேர் போட்டிருக்கா?

– போட்டுகீதும்மா. அது... சார் மூஞ்சியப் பாத்தா சொல்லவே பயமா கீது.

– நான் கேக்கறேன், சொல்லு.

– வர்ஷான்னு போட்டுகீது. போனு பேரு "ஜஸ்டின்"னு காட்டுது.

– ஓஹோ. ரொம்ப நல்லாயிருக்கு. எத்தனை நாளா?

– அவங்க கண்ணாலம் கட்டிகினு போன நாள்லேர்ந்து கீதும்மா. கீழ இழுக்க இழுக்க வந்துகினே கீது.

– ஏங்க, உங்களுக்கு இது தெரியுமா?

– தெரியும்.

– தெரியும். என் போன்ல அவ நம்பரை நீங்க அழிச்சீங்க. கார்த்திகைக்கு அவ பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏத்தினதுக்கு, "யாரு அவ? இந்த வீட்டுல அப்படி யாரும் இல்லையே"ன்னு கேட்டீங்க. பெத்த பொண்ணு பேரை உச்சரிக்காம உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க இங்க உக்காந்து அவளோட பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க.

– பேசல சாவித்திரி. ஒரு வார்த்தை பேசல.

– வேற என்ன பண்ணினீங்க?

– முதல்ல ஒரு நாள் தற்செயலாத்தான் பாத்தேன். நம்ம ரெண்டு பேரும் பாக்காத ஒரு படம் பாதியில நின்னிருந்துச்சு. அவ பேருக்கு நேரா. பாஸ்வேர்டை மாத்தணும்னுதான் உக்காந்தேன். மாத்தல. மறுநாள் பாத்தேன், மீதியைப் பாத்து முடிச்சிருந்தா. அப்புறம் நான் ஒரு படம் தேடிப்பிடிச்சு ஏத்தி வெச்சேன். சின்ன வயசுல அவ சிரிச்சுக்கிட்டே பாக்கற படம். ரெண்டு நாள்ல பாத்துட்டா. அப்புறம் இன்னொண்ணு. பிடிக்கலைன்னா பாதியில விட்டுடுவா, நான் அந்த மாதிரிப் படம் ஏத்தறதை நிறுத்திடுவேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

– இதுக்குப் பேரு பேசறது இல்லாம வேற என்னங்க?

– உன்கிட்ட சொல்லியிருக்கணும்.

– சொல்லியிருந்தா நான் உங்க பக்கத்துல ஒரு ஓரமா உக்காந்து பாத்திருப்பேன். அவ என்ன படம் பாக்கறான்னு. வேற எதுவும் கேட்டிருக்க மாட்டேன். அது கூட எனக்குக் கொடுக்கணும்னு தோணல இல்ல உங்களுக்கு.

– அம்மா, நான் வோணா வெளிய நிக்கறேன். நீங்க பேசி முடிச்சப்புறம்...

– நீ எங்கேயும் போகக் கூடாது வேம்புலி. உன்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். அதாவது, அவ நிறுத்திட்டா. கொலு வெச்ச அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுமே இல்லை. ரெண்டு வருஷத்துல இப்படி ஆனதே கிடையாது. ஊருக்குப் போனாக்கூட போன்ல பாட்டாவது ஓடும்.

– வேலை இருந்திருக்கும். மனுஷங்களுக்கு வேற வேலை இருக்காதா?

– நீ முழுசாக் கேளு. அதுக்கு முன்னாடியே ரெண்டு மாசமா அவ சரியில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாக்கறா. மறுபடி விடிய நாலு மணிக்குப் பாக்கறா. பகல்ல எந்நேரமும் வீட்டுலதான் இருக்கா போல, வேலைக்குப் போற மாதிரியே தெரியல. எதையும் முழுசாப் பாக்கறதில்லை. பத்து நிமிஷம், நிறுத்திடறா. மறுபடி கொஞ்சம். தூங்காம, சாப்பிடாம, பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கான்னு அதைப் பாத்தாலே தெரியுது.

– அந்தப் பையனோட ஏதாவது சண்டையோ?

– யாருக்குத் தெரியும். கேக்க யாரு இருக்கா. நம்பர் ஒரு சீட்டுல எழுதி வெச்சிருந்தேன். அதைப் பாத்துப் போன் போட்டேன். உபயோகத்துல இல்லைன்னு சொல்லுது.

– அழிச்ச நம்பரை நீங்க எழுதி வெச்சிருந்தீங்களா?

– ஆமா.

– அடப்பாவி மனுஷா.

– சார், அவங்க ஊடு எங்கன்னு தெரியாதா? நான் வண்டில ஒரு நடை போயி பாத்துட்டு வரேனே.

– நசரத்பேட்டைங்கற வரைக்கும்தான் தெரியும். முந்தாநாள் அங்கதான் போனேன். டாக்டர் எல்லாம் இல்லை. பஸ் விட்டு இறங்கினா ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடுக்குமாடிதான். ஒவ்வொரு வாசல்லயும் வாட்ச்மேனைக் கேட்டேன், ஜஸ்டின் இருக்காரான்னு. எந்த பிளாக்குன்னு கேக்கறான். சர்ச்சுக்குப் போனேன். அங்க இருந்த அம்மா நல்லவங்க. "எந்த ஜஸ்டின் ஐயா? எங்களுக்கு ஏழெட்டு ஜஸ்டின் இருக்காங்க. அப்பா பேரு என்ன?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல சாவித்திரி. என் மாப்பிள்ளையோட அப்பா பேரு எனக்குத் தெரியல. "நீங்க அவருக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

– உக்காருங்க. முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

– சார், டென்சன் ஆவாத சார். பேசாம ஸ்டேசன்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சா...

– என்னன்னு சொல்றது? காணாமப் போயிட்டான்னா? வீட்டை விட்டுப் போன்னு சொன்னவனே நான்தான். அது கூடப் பரவாயில்லை. அவ கடைசியாப் பாத்தது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? டேப்பைப் பாரு வேம்புலி. அவ பேருக்கு நேரா கடைசி வரி என்ன?

– "தொட்டில் கேசட்"டுன்னு போட்டுகீது சார். இப்ப நாம போட்டோமே, அதேதான்.

– அதைத்தான் பாத்தா. அதுக்கு முன்னாடி, ஏத்தினதுலேர்ந்து ஒரு நாள் கூட அவ அதைத் தொட்டது கிடையாது. கடைசியா உன் குரலைக் கேட்டிருக்கா சாவித்திரி. கேட்டுட்டு நிறுத்திட்டா. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு.

– வாயைக் கழுவுங்க. அப்படிப்பட்ட பொண்ணு இல்லை அவ.

– நானும் அதைத்தான் அஞ்சு நாளா எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

– ஐயோ, என் பொண்ணு. என் பொண்ணுக்கு என்ன ஆச்சு? ராத்திரியெல்லாம் தூங்காம இருந்திருக்கா, நான் ரெண்டு பஸ் தூரத்துல இங்க பொம்மைக்குப் பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

– அம்மா, அழுவாத. ஒரு நிமிசம். சார், இன்னா சொன்ன நீ? கொலு வெச்ச அன்னிக்கு சாய்ங்காலத்துலேர்ந்து வரலன்னா?

– ஆமா. மத்தியானம் வரைக்கும் வந்திருக்கு.

– அன்னிக்கு மத்தியானம் தானே நம்ம ஆளு விஜய் வந்து மோடத்தை பெட்ரூம்புக்கு மாத்தினான்? இந்த மூலையில படி கட்டணும், பச்சை லைட்டு கண்ணை உறுத்துது, பொம்மைக்குப் பின்னாடி மினுக்கு மினுக்குன்னு அடிக்குதுன்னு அம்மா சொல்லி?

– ஆமா, நான்தான் சொன்னேன். அம்பாளுக்குப் பின்னாடி அது எதுக்கு மினுக்கிக்கிட்டுன்னு சொன்னேன்.

– அவன் புதுசு ஒண்ணு பெட்ரூம்புல வெச்சுகிறான். பழசைக் கழட்டினானா?

– கழட்டல. படி கட்டி வேட்டி விரிச்சாச்சு, கீழ இருந்துட்டுப் போகட்டும், வேட்டியை இழுக்காதேன்னு நான் சொன்னேன். அதுல இருந்து ஒரு ஒயர் மட்டும் இழுத்துக்கிட்டுப் போனான்.

– போச்சுடா. சார், பொண்ணு நிறுத்தலை. நாம நிறுத்திட்டோம்.

– என்னப்பா சொல்றே? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு.

– உன் ஊட்டுக்கு இப்ப ரெண்டு வாசல் ஆயிப்பூடுச்சு சார். புது மோடம் ஒரு வாசல், அதுக்கு உள்ளாற பழசு ஒரு வாசல். பொட்டி உள் வாசலுக்குள்ள மாட்டிகினு கீது. டிவி, போன், டேப்பு அல்லாம் பழைய வைஃபைல உள்ளாறயே கீது, அதனால உங்களுக்கு ஜோரா ஓடுது. வெளிய இருந்து வர்றவங்களுக்கு வழி இல்ல. ஊட்டுக்குள்ள குந்திகினு இருந்தா ஆயுசுக்கும் தெரியாது.

– வாசலை மூடறது இவருக்குப் புதுசா என்ன.

– அப்ப அவ வந்து பாத்திருப்பாளா? பாத்திருந்தா பொட்டி எழுதியிருக்குமே?

– உள்ள வந்தாத்தான் சார் எழுதும். வெளிய நின்னு தட்டிட்டுப் போனா எழுதாது.

– அங்க அவளுக்கு என்னன்னு தெரியும்?

– "சர்வர் கெடைக்கல"ன்னு வரும். அவ்ளோதான்.

– அவ என்னங்க நினைச்சிருப்பா? அப்பா பாஸ்வேர்டை மாத்திட்டார், இதையும் மூடிட்டார்னுதானே நினைச்சிருப்பா? ராத்திரி தூக்கம் இல்லாம, மனசு சரியில்லாம, அம்மா குரலைக் கேக்கலாம்னு வந்த பொண்ணு...

– சொல்லாதே சாவித்திரி. அதைச் சொல்லாதே. வேம்புலி, சரி பண்ணு. இப்பவே சரி பண்ணு.

– பண்ணலாம் சார். பெட்ரூம்புலேர்ந்து ஒரு ஒயரை நேரா பொட்டிக்கே குட்த்து, நடுவுல பழசைத் தூக்கிட்டா ஆச்சு. மத்தத புது மோடத்துல நான் போன்லயே தொறந்து வுட்டுடுவேன். ஆனா பொட்டிய கைல தொடணுமே. அது ரெண்டாம் படிக்கு அடில, சொவுத்தோரம் கீது. முன்னாடி செட்டியார் கடை வெச்சுகிறீங்க.

– எடு அதையெல்லாம். நான் எடுக்கறேன், நகரு.

– ஏங்க.

– இப்ப என்னைத் தடுக்காதே சாவித்திரி. கொலு, படி, சாஸ்திரம், எதையும் என்கிட்ட பேசாதே.

– தடுக்கல. நீங்க இருக்கற அவசரத்துல எடுத்தா உடைச்சிடுவீங்க. தள்ளுங்க, நானே எடுக்கறேன். வேம்புலி, இந்தா, செட்டியாரம்மாவைப் பிடி. மளிகைத் தட்டு பத்திரம், பருப்பெல்லாம் கொட்டிடும். இதைச் சோபாவுல வை. இதையும்.

– அம்மா, நடுவுல எடுக்கக் கூடாதுன்னியே. சாமி கோச்சுக்காது?

– கோவிச்சுக்கிட்டா என்கிட்ட வரட்டும், நான் பேசிக்கறேன். மேல்படியில இருக்கற மரப்பாச்சி ஜோடியை மட்டும் தொடாதே. அது வர்ஷாவுக்குன்னு வாங்கினது. கல்யாணத்துல தாய்வீட்டுலேர்ந்து கொடுத்தனுப்பணும், அதை வெச்சுத்தான் அவ வீட்டுல முதல் கொலு ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷமா இங்கயே நிக்குது. இப்ப பாரு, கை போகுதா?

– போவுது. பலகையக் கொஞ்சம் தூக்கிப் புடி சார். தோ, பொட்டி. அனலாக் கொதிக்குது, வேட்டி மூடி மூச்சு முட்டிகீது பாவம். பழசைக் கழட்டிட்டேன். ஒயரைத் தள்ளுங்க இப்பிடி. மாட்டியாச்சு. சார், டிவில ஒரு தபா ஆப்பைத் தொறந்து பாரு.

– காணோம். டிவில ஒண்ணும் வரல. சர்வரைக் காணோம்னு சொல்லுது. வேம்புலி, இருந்ததும் போச்சே.

– பதறாத சார். டிவி இன்னும் பழைய வைஃபையத் தேடிகினு கீது. புதுசுல மாத்து. டேப்பையும் மாத்து. ஆங். இப்ப?

– வந்துடுச்சு. மூணு பேரும் இருக்கோம்.

– நான் இப்ப என் போன் நெட்டுல, வெளி ஆளு மாதிரி வந்து பாக்கறேன். ஒரு நிமிசம். தொறந்துகிச்சு சார். உள்ள வந்துட்டேன். வழி கிளியரு.

– அவ பேர்ல ஒண்ணும் இல்லையே.

– அந்தப் பக்கம் அவங்க ஆப்பைத் தொறக்கணும் சார். அதுவா தெரியாது.

– அவ ஏன் தொறக்கப் போறா? தட்டித் தட்டிப் பாத்துட்டு, மூடிட்டாங்கன்னு போனவ.

– போயிட்டா கூடப் பரவாயில்லைங்க. எங்கேயோ நல்லா இருந்தாப் போதும். ஒரே ஒரு தடவை வரட்டும். வந்துட்டு உடனே போகட்டும்.

– சார், எனக்கு நெமிலிச்சேரில ஒரு கம்ப்ளெய்ண்டு கீது, ஆபீஸ்லேர்ந்து தங்கவேல் வேற நாலு தபா போன் அடிச்சிட்டான்...

– போகாதேப்பா. கொஞ்சம் இரு. நீ போனப்புறம் மறுபடி நின்னுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

– ஐய, இன்னா சார் இது, கையெல்லாம் புடிச்சிகினு. குந்தறேன். சாய்ங்காலம் வரைக்கும் கூட குந்தறேன், போதுமா?

– வேம்புலி, குக்கரை நான் அணைச்சேனா இல்லையா?

– அணைச்சுட்டியேம்மா, சாருக்குத் தண்ணி எடுக்கப் போனப்பவே. நீ குந்து.

– பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அஞ்சு மணிக்கு வர்றேன்னாங்க, வெத்தலை பாக்கு வாங்க. அவங்க வந்து பாத்தா என்ன சொல்றது, செட்டியார் சோபாவுல உக்காந்திருக்காரேன்னு கேட்டா?

– காத்து வாங்கறார்னு சொல்லும்மா.

– சாவித்திரி. சாவித்திரி, இங்க வா.

– என்னங்க?

– பச்சைப் புள்ளி. இங்க ஒரு பச்சைப் புள்ளி வந்திருக்கு. வேம்புலி, இது அவதானா?

– குடு, பாக்கறேன். வர்ஷா. ஜஸ்டின் போனு. வெளி லைனு. வந்துட்டாங்க சார். இப்ப, இந்த நிமிசம் உள்ள கீறாங்க.

– அம்மா தாயே.

– இரு. அது அவன் போனாச்சே. அவ பேர்ல அவன் தொறந்திருந்தா? அவளுக்கு ஏதாவது ஆயி, அவன் மட்டும் உக்காந்து...

– ஏங்க, கொஞ்சம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. என்ன படம் ஓடுது, அதைப் பாருங்க.

– தொட்டில் கேசட். மறுபடியும் அதேதான்.

– சார், இதுல ஒண்ணு கீது பாரு. இந்தக் கடுதாசி மாதிரி பட்டன். இத்த அமுக்கி ஏதாச்சும் எழுதினா அவங்க ஸ்க்ரீன்ல எழுத்தா வந்து நிக்கும். டிங்குன்னு ஒரு சவுண்டு வேற வரும். இப்பவே எழுது சார். நீ எழுது, அவங்க படிச்சுகினு போவாங்க.

– எழுதலாமா? நிஜமா அவ கண்ணுக்குத் தெரியுமா?

– தெரியும் சார். எழுது.

– என்னன்னு எழுதறது? "நல்லா இருக்கியா"ன்னு எழுதவா? அதைக் கேக்க எனக்கு என்ன யோக்யதை இருக்கு? "அப்பா"ன்னு மட்டும் எழுதவா? சாவித்திரி, நீ சொல்லு. ஐயையோ, நின்னுடுச்சு. வேம்புலி, நின்னுடுச்சு பாரு.

– எங்க? ஓடுதே சார்.

– நடுவுல நின்னுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஓடுது. இப்ப பாரு. படம் ஓடறதைக் காட்டற அந்தக் கோடு கொஞ்ச தூரம் போகும். இதோ, மறுபடியும் அறுந்து முதலுக்கே போயிடுச்சு. லைன் சரியில்லை. இன்னும் ரிப்பேர் இருக்கு. வெறுத்துப் போய் மூடிடுவா.

– லைன்ல ஒண்ணும் இல்ல சார். நான் பாத்துகினுதான் கீறேன், ஒரு சொட்டு கூட அறுவல. நம்ம பக்கம் நிக்கல. அங்க யாரோ கைல இழுத்து முதலுக்குத் தள்றாங்க.

– எதுக்கு ஒருத்தி அதே துண்டைத் திரும்பத் திரும்பப் பாக்கணும்? அவளுக்கு மனசு சரியில்லைன்னு நான் சொன்னேனே. நான் எழுதறேன். ஏதாவது எழுதிடறேன், அவ போறதுக்குள்ள.

– எந்த இடத்துல நிக்குதுங்க?

– என்ன?

– எந்த இடம் வந்ததும் முதலுக்குப் போகுதுன்னு கேக்கறேன்.

– நீ பாடி முடிக்கற இடம். மேளம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

– ஒவ்வொரு தடவையுமா?

– ஒவ்வொரு தடவையும் சரியா அங்கதான். மேளத்துக்குப் போகவே மாட்டேங்குது. இதோ, மறுபடியும் முதல்லேர்ந்து. நான் எழுதிட்டேன் சாவித்திரி, "அப்பா"ன்னு எழுதிட்டேன், அனுப்பறேன்.

– அனுப்பாதீங்க. கையை எடுங்க, டிங்குன்னு சத்தம் வரும். ரிப்பேர் ஒண்ணும் இல்லைங்க. அவ குழந்தை இன்னும் தூங்கல.